வரிசை விட்டு வரிசை

ஏனுங்க, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்குவீங்களா? மேல போட்டா எவனாவது மூட்டையைத் தூக்கி அதுமேல வெச்சுருவான். சும்மா பையில்லீங்க. அதுக்குள்ள ஆறு வரிசை தென்னமரம் இருக்குது. வரிசைக்கு இருபத்தி நாலு, மொத்தம் நூத்தி நாப்பத்தி நாலு மரம். கனமாவா இருக்குது? இருக்காது. பத்திரத்துல ஏறிட்டா எல்லாமே காகிதக் கனம்தான்.

நீங்க எதுவரைக்கும்? உடுமலைங்களா. நானும் அங்கதான். பத்திர ஆபீஸ்ல பத்து மணிக்கு வேலை. இந்த பஸ் போற வேகத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். உங்களைப் பார்த்தா பொறுமையா கேக்கற ஆளாட்டம் தெரியுது. போன வாரம் பக்கத்துல உக்காந்தவன் ரெண்டாவது ஸ்டாப்புலயே எந்திரிச்சு நின்னுட்டான். கால் வலிக்குதுன்னான். உக்காந்திருக்கறவனுக்கு எப்படிங்க கால் வலிக்கும்?

என் பேரு சென்னியப்பன். கோமங்கலத்துக்குக் கிழக்கால நாலு ஏக்கரா தென்னந்தோப்பு. மெயின் ரோட்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை. உங்க கிணத்து மோட்டார் புகைஞ்சா என்கிட்டக் கொண்டாங்க. நல்லா ஓடற கடை. கோர்ட்டுல மட்டும் வேற மாதிரி சொல்லியிருக்கேன். அது அப்பறம் வரும்.

கலாமணின்னு என் சம்சாரம். இப்பச் சம்சாரம் இல்லை, பேச்சுல வந்துருது. பிரிஞ்சு போயி நாலு வருஷம் ஆச்சு. காரணம் என்னன்னு அவளைக் கேட்டா ஒரு மணி நேரம் சொல்லுவா. நான் ஒரு வார்த்தையில சொல்றேன். ஸ்கூட்டி. அவங்க அப்பன் வீட்டுல கொடுத்த ஸ்கூட்டியை நான் வித்தேன். அவகிட்டச் சொல்லாம வித்தது தப்புன்னு ஊரே பேசுது. என்ன விலைக்கு வித்தேன்னு ஒருத்தனாவது கேட்டானா? ஓட்டினவளே எதிர்பார்க்காத விலைங்க. அந்தக் காசுலதான் தோப்புக் கிணத்துக்குப் புது மோட்டார் வாங்கிப் போட்டேன். ஏழரை குதிரைத்திறன். தண்ணி எப்படி அடிக்கும்ங்கறீங்க! அவளைக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். "வண்டி எங்கீங்க?"ன்னு கேட்டா. "இதுதான் வண்டி"ன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன். சிரிக்கலை.

மகளைக் கூட்டிட்டு உடுமலைக்குப் போயிட்டா. ஜவுளிக்கடையில வேலை. மகள் பேரு மிதுனா. எட்டாவது படிக்கறா. நல்ல சூட்டிகை. என்னை மாதிரி.

அப்பறம் கோர்ட்டு. அங்க சமரசம் பேசறதுக்குன்னு ஒரு ரூமு இருக்குதுங்க. நடுவுல ஒரு வக்கீலம்மா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ.

"பொண்ணோட செலவுக்கு மாசம் பன்னண்டாயிரம் கொடுங்க"ன்னா கலாமணி.

"பன்னண்டாயிரமா? புள்ளை என்ன யானையா?"ன்னேன்.

"அப்பனாட்டம் பசி"ன்னா.

வக்கீலம்மா தலையைக் குனிஞ்சுட்டு எழுதற மாதிரி இருந்தாங்க. சிரிச்சாங்கன்னு நினைக்கறேன்.

எனக்கு அந்த மாசா மாசம்ங்கறதுதான் பிடிக்கலை. ஒரேயடியா கேட்டா கொடுத்துருவேன். மாசா மாசம் கொடுக்கறது ஒழுகற வால்வு மாதிரி. சொட்டுச் சொட்டாத்தான் போகும், ஆனா தொட்டி நிக்காது. அங்கேயே உக்காந்து யோசிச்சேன். சொன்னேன்: "தோப்புல பாதியை உன் பேருக்கு எழுதித் தர்றேன். அதுல வர்ற வருமானத்தையும் கணக்குல வெச்சுக்கணும். மாசம் நாலாயிரம்தான் கொடுப்பேன்."

பாதித் தோப்புன்னதும் வக்கீலம்மாவே பேனாவை வெச்சுட்டாங்க. எவ்வளவு பெரிய மனசுன்னு நினைச்சிருப்பாங்க. கலாமணி என்னையே பார்த்தா. "எந்தப் பாதி?"ன்னு கேட்டா.

கேட்டா பாருங்க. அங்கதான் நான் பொறியை வெச்சிருந்தேன்.

வடக்குப் பாதி, தெக்குப் பாதின்னு கொடுத்தா என்னாகும்? நடுவுல வேலி போடுவா. நாளைக்கே எவனுக்காவது விப்பா. வாங்கறவன் வீடு கட்டுவான், நாய் வளர்ப்பான். அது நமக்கு எதுக்கு? தோப்புல மொத்தம் பன்னண்டு வரிசை. வரிசை விட்டு வரிசை. ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒற்றைப்படை எல்லாம் அவளுக்கு. ரெண்டு, நாலு, ஆறுன்னு ரெட்டைப்படை எல்லாம் எனக்கு. இப்ப வேலி போடு பார்க்கலாம்! எவன்கிட்ட விப்பே? போதாததுக்குப் பன்னண்டாவது வரிசை வாய்க்கா ஓரம். அந்த மரமெல்லாம் தண்ணியில காலை வெச்சுட்டு நிக்கும். ரெட்டைப்படையை நான் எடுத்ததே அதுக்குத்தான். கலாமணி தலையை ஆட்டினா. "சரி"ன்னா. அவளுக்கு விவரம் அவ்வளவுதான்.

பத்திரம் எழுதற வரதராசு தலையில கையை வெச்சுட்டான். "அண்ணா, சொத்துன்னா நாலு பக்கமும் எல்லை எழுதணும். இதுக்கு எல்லை எங்கீண்ணா? உங்களுக்கு வடக்கே அவங்க. அவங்களுக்கு வடக்கே நீங்க. உங்களுக்கு வடக்கே மறுபடியும் அவங்க. இது சொத்தா, ஜடையா?" அப்பறம் அவனே வழி சொன்னான். பிரிக்காத பாதிப் பாகம்னு எழுதி, அனுபவிக்கறதுக்கு இன்னின்ன வரிசைன்னு கீழே போட்டுட்டான். விவாகரத்து ஆகறதுக்கு முன்னாடியே பதிஞ்சுட்டோம். சம்சாரம்ங்கறப்பவே எழுதிக் கொடுத்தா முத்திரைச் செலவு கம்மி. அதுலயும் மிச்சம்.

அவ தோப்புப் பக்கமே வர மாட்டான்னு நினைச்சேன். ஜவுளிக்கடையில நின்னு புடவை மடிக்கறவ தென்னமரத்தை என்ன பண்ணுவா? "நீங்களே பார்த்து ஏதாவது கொடுங்க"ன்னு சொல்லுவா. நானும் பார்த்து ஏதாவது கொடுப்பேன். அப்படி ஒரு கணக்கு.

அடுத்த வாரமே வந்து நின்னாங்க, ஆத்தாளும் மகளும். கையில சிவப்பு பெயின்ட் டப்பா. ஒற்றைப்படை வரிசை மரம் ஒவ்வொண்ணுக்கும் இடுப்பு உயரத்துல ஒரு வளையம். மிதுனா நம்பர் போட்டா. எனக்கு ஒரு நிமிசம் என்னவோ மாதிரி ஆயிருச்சு. அவ நாலு வயசுல என் தோள்மேல உக்காந்து இதே மரங்களுக்கு நம்பர் போட்டவ. எட்டைக் குப்புறப் போட்டுட்டேன்னு அழுவா. எட்டைக் குப்புறப் போட்டாலும் எட்டுதான் கண்ணுன்னு நான் சொல்லுவேன். அதை விடுங்க.

எங்க பக்கம் நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா காய் வெட்டு. மரம் ஏற ஆளு வர்றது கஷ்டம். அதனால ஒரே நாள்ல ரெண்டு பேரோட வரிசையும் வெட்டணும். பாதிப் பாதியாப் பிரிச்சிருந்தா அவ நாளு வேற, என் நாளு வேறன்னு ஆயிருக்கும். வரிசை விட்டு வரிசைங்கறதுல இது ஒரு சௌகரியம். வெட்டு அன்னைக்கு ஆத்தா காயை எண்ணுவா. மகள் மோட்டார் ரூமு வாசல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. மத்தியானம் மூணு பேரும் ஒரே தோப்புலதான் சாப்பிடுவோம். அவங்க சாப்பாடு அவங்களுக்கு, என் சாப்பாடு எனக்கு. கலாமணி புளிக்குழம்பு கொண்டாருவா. வாசம் இந்தப் பக்கம் வரும். வாசத்துக்கு வரிசை கிடையாதுல்லீங்க.

இதுல ஒரு சின்னச் சங்கதி. வெட்டுக்கு நடுவுல காத்தடிச்சா முத்தின காய் தானா விழும். அதுக்கு ஒரு பேச்சு வெச்சிருந்தோம். எந்த வரிசையில கிடக்குதோ அந்த வரிசைக்காரங்களுக்கு. நான் காலையில அஞ்சரை மணிக்கு வாக்கிங் போவேன். டாக்டர் சொல்லியிருக்கார். போறப்ப ஒற்றைப்படை வரிசையில காய் கிடக்கும். கால் தடுக்கும். லேசா ஒரு தட்டு. காய் உருண்டையா இருக்குதுங்க, அது உருளத்தான் செய்யும். நடுவைத் தாண்டினா என் வரிசை. இதைத் திருட்டுன்னு எப்படிச் சொல்றது? நான் கையில தொடவே இல்லை.

ஒருநாள் பார்க்கறேன், மிதுனா தட்டறா. என் நாலாவது வரிசையில கிடந்த காயை மூணாவது வரிசைக்கு. அதுவும் எப்படி? அந்தப் பக்கம் பார்த்துட்டு, பாட்டுப் பாடிட்டு, தெரியாமக் கால் பட்ட மாதிரி. யாரு சொல்லிக் கொடுத்தா? யாரும் சொல்லித் தரலை. ரத்தம். நான் பார்த்ததை அவ பார்த்துட்டா. "கால் தடுக்கிருச்சுப்பா"ன்னா. "பார்த்து நட கண்ணு"ன்னேன். அந்த ஒரு காயை நான் திருப்பித் தட்டலை.

சரி, கதைக்கு வர்றேன். போன வருஷம் தேங்காய் விலை ஏறுச்சு பாருங்க, நீங்களும் வாங்கியிருப்பீங்க, வயிறு எரிஞ்சிருக்கும். எனக்கும் எரிஞ்சுது, வேற காரணத்துக்கு. கலாமணி ஒரு வெட்டுக்கு ரெண்டாயிரம் காய் ஏத்தி விடறா. என் தோப்பு, என் கிணத்துத் தண்ணி, என் மோட்டார். காசு அவ கையில. அதுக்கு மேல நான் மாசம் நாலாயிரம் கொடுக்கணுமா? ஞாயத்தைச் சொல்லுங்க.

குப்புராஜ் வக்கீல்கிட்டப் போனேன். நிலைமை மாறிருச்சு, தாய்க்கு வருமானம் கூடிருச்சு, பொண்ணோட செலவுப் பணத்தை ரத்து பண்ணணும்னு மனு. அவர் சொன்னார், "சென்னியப்பன், மனு போட்டா உன் சொத்து, உன் வருமானம் எல்லாத்தையும் நீயும் எழுதிக் கொடுக்கணும். சத்தியப் பிரமாணம்."

"எழுதுங்க. ஒற்றைப்படை வரிசை அமோகம். வெட்டுக்கு ரெண்டாயிரம் காய்."

"உன்னோடது?"

"ரெட்டைப்படை வரிசைக்கு வாடல் நோய். காய்ப்பே இல்லை. கடையும் நஷ்டம்."

வக்கீல் கண்ணாடியைக் கழட்டினார். "ரெண்டையும் எழுதணுமா?"

"ரெண்டும் வேணுமுங்க"ன்னேன். "அவளுக்கு வருமானம் இருக்குதுன்னும் காட்டணும், எனக்கு இல்லைன்னும் காட்டணும். ஒண்ணை மட்டும் காட்டினா பாதிக் கேஸுதானே?"

அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். அப்பறம் எழுதினார். அவருக்கு ஃபீஸ்தானே.

கலாமணி இல்லைன்னு சாதிப்பா, நான் வியாபாரியைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெப்பேன்னு தயாரா இருந்தேன். அவ கோர்ட்டுல எந்திரிச்சு நின்னு என்ன சொன்னா தெரியுங்களா? "அவர் சொல்றது நெசமுங்க. ரெண்டாயிரம் காய் வருது. சில சமயம் கூடவும் வருது. ஒரு ஆளை அனுப்பி எண்ணிப் பார்த்துக்கங்க. ரெண்டு பேரோட வரிசையையும் எண்ணச் சொல்லுங்க."

ஒத்துக்கிட்டாங்க! எதிர்க்கட்சியே ஒத்துக்கிட்ட கேஸு. நான் குப்புராஜைப் பார்த்தேன். அவர் ஏனோ என்னைப் பார்க்கலை.

கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராப் போட்டுச்சு. நேர்ல வந்து பார்த்து எண்ணி அறிக்கை கொடுக்கறதுக்கு. சின்ன வயசுப் பையன், பேரு தீபன். அடுத்த வெட்டு அன்னைக்கு வர்றேன்னு நோட்டீஸ். எனக்கு மூணு நாள் இருந்துச்சு.

மூணு நாள்னா எதேஷ்டம். மரம் ஏறற காளியப்பனைக் கூப்பிட்டேன். இரட்டைக் கூலி. என் ஆறு வரிசையையும் சத்தமில்லாம முன்னாடியே வெட்டி இறக்கியாச்சு. கூடவே நல்ல மட்டை நாலஞ்சு வெட்டி மரத்தை மொட்டையாக்கச் சொன்னேன். காளியப்பன் மேலே இருந்துட்டு, "அண்ணா, மரத்துக்குச் சங்கடமா இருக்கும்ணா"ங்கறான். "மூணு நாளைக்குத்தான், பொறுத்துக்கச் சொல்லு"ன்னேன். வாக்கிங்ல சேர்ந்ததையும் சேர்த்து, காயெல்லாம் மோட்டார் ரூமுக்குப் பின்னாடி குமிச்சு, மேலே காஞ்ச ஓலையைப் போட்டு மூடியாச்சு. பார்த்தா ஓலைக் குமி மாதிரிதான் இருக்கும். முன்னாடி வந்து நின்னு பார்த்தேன். அடடா! ஒரு வரிசை குலை தள்ளிட்டு நிக்குது, அடுத்த வரிசை தாலியறுத்த மாதிரி நிக்குது. ஒரு வரிசை கல்யாணம், ஒரு வரிசை எழவு. நோய்னா இப்படித்தான் இருக்கணும்னு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு.

அன்னைக்கு வந்தாங்க. தீபன் வக்கீல் கறுப்புக் கோட்டு போட்டு வேர்த்துட்டு. கலாமணி நோட்டோட. மிதுனா புத்தகப் பையோட, லீவு நாள். ஒற்றைப்படை வரிசையை வெட்டினாங்க, எண்ணினாங்க. ரெண்டாயிரத்து அறுபது. நான் நெஞ்சை நிமித்திட்டு, "எழுதிக்கங்க சார்"ன்னேன்.

"உங்க வரிசை?"

"பாருங்க சார், வாடல் நோய்"ன்னு குரலைத் தழைச்சேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். பட்டணத்துப் பையன், மரத்தைப் பத்தி என்ன தெரியும்னு நான் நினைக்கறேன். "குலை வெட்டின இடம் இன்னும் ஈரமா இருக்கே"ன்னார்.

"நோய் சார். கண்ணீர் மாதிரி வடியும்."

அப்பத்தான் மிதுனா. பாவம், குழந்தை. அது எப்பவும் மோட்டார் ரூமு வாசல்லதான் உக்காரும். அன்னைக்கு வெயில்னு பின்னாடி நிழலுக்குப் போயிருக்குது. ஓலைக் குமிதானேன்னு ஏறி உக்காந்து கணக்கு நோட்டைப் பிரிச்சிருக்குது. அதுக்கு என்ன தெரியும்? ஒரு காய் மெதுவா உருண்டு வெளியே வந்துச்சுங்க. அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் குமியே சரிஞ்சுது. ஒரு காய் நேரா வந்து கமிஷனர் பூட்ஸுல முட்டி நின்னுச்சு.

"கால் தடுக்கிருச்சுப்பா"ன்னா மிதுனா.

உக்காந்த புள்ளைக்குக் கால் எப்படித் தடுக்கும்னு நான் கேக்கலை. பயந்து போயிருப்பா. அந்த நேரத்துல குழந்தையைக் கேள்வி கேக்கக் கூடாது.

எண்ணினாங்க. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. கலாமணியோடதை விட எண்பது காய் கூட. தீபன் வக்கீல் ரெண்டு தடவை எண்ணச் சொன்னார். ரெண்டு தடவையும் அதேதான். மரம் சத்தியமா இருக்குது பாருங்க.

கோர்ட்டுல நீதிபதி அம்மா அறிக்கையைப் படிச்சாங்க. மேலே பார்த்தாங்க. மறுபடியும் படிச்சாங்க. "சென்னியப்பன், ஒரே தோப்பு?"

"ஆமாங்கம்மா."

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி?"

"ஆமாங்கம்மா. மோட்டார்கூட ஒண்ணுதான்."

"நடுவுல இருபத்தஞ்சடிதான் இடைவெளி. நோய் ஒரு வரிசையில இறங்கி, ஒரு வரிசையை விட்டுட்டு, அடுத்த வரிசையில ஏறுது. நோய்க்கு ஒற்றைப்படை, ரெட்டைப்படை எல்லாம் தெரியுமா?"

கோர்ட்டே சிரிச்சுது. குப்புராஜும் சிரிச்சார், என் வக்கீல்.

"அவங்களுக்கு வருமானம் வருதுன்னு நீங்கதான் மனு போட்டீங்க. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. அப்படின்னா பக்கத்து வரிசைக்கும் அதே வருமானம்தானே? உங்களுக்கு எதிரா நீங்களே கொண்டு வந்த சாட்சியம் இது. போதாததுக்கு நோய் பிடிச்ச மரம், நல்ல மரத்தைவிட எண்பது காய் கூடக் காய்ச்சிருக்கு. அதுக்கு என்ன விளக்கம்?"

அந்த எண்பது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க. பாதி வாய்க்கா ஓரம். பாதி வாக்கிங். ஆனா அதைக் கோர்ட்டுல சொல்ல முடியுங்களா?

கடையைப் பத்திக் கேட்டாங்க. நஷ்டம்னேன். "நஷ்டத்துல ஓடற கடையில எதுக்கு ரெண்டு ஆளு?"ன்னாங்க. "அவங்களும் நஷ்டத்துலதான் இருக்காங்கம்மா"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லலை.

தீர்ப்பு என்னன்னா, தோப்பு வருமானம் ரெண்டு பேருக்கும் சமம், அதை ஓரமா வெச்சுருவோம். மீதி, அவளுக்கு ஜவுளிக்கடைச் சம்பளம் ஒன்பதாயிரம். எனக்குக் கடை, அதுல அவளைப் போல மூணரை மடங்கு வரும்னு அவங்களே ஒரு கணக்கு. புள்ளையோட செலவு பதினெட்டாயிரம். யாரு எவ்வளவு சம்பாதிக்கறாங்களோ அந்த அளவுக்குப் பங்கு. புள்ளையைக் கூட வெச்சுப் பார்த்துக்கற தாய் நாலாயிரம். நான் பதினாலாயிரம்.

நாலாயிரத்தைச் சைபராக்கப் போனவன் பதினாலாயிரத்தோட வெளிய வந்தேன்.

"அம்மா, பாதித் தோப்பையே கொடுத்தேனே!"ன்னு கேட்டுட்டேன். மனசு ஆறலை. அதுக்கு அந்த அம்மா சொன்னாங்க: "அது நீங்க மனைவிக்குக் கொடுத்தது. வருமானம் வந்தா கணக்குல சேரும், அவ்வளவுதான். மகளுக்கு நீங்க கொடுக்க வேண்டியது அதுல தீர்ந்து போகாது. அதை விட்டுக்கொடுக்கற உரிமை தாய்க்கே கிடையாது. உங்க உடம்புல தெம்பு இருக்கற வரைக்கும் மகளுக்குக் கொடுக்கணும். சொத்து இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

கடைசியா சொன்னது, அந்தத் தெம்பு, சொத்து எல்லாம், சும்மா நீதிபதிங்க பேச்சை முடிக்கறதுக்குச் சொல்றது. நான் அதைக் காதுல போட்டுக்கலை. முன்னாடி சொன்னாங்க பாருங்க, அது மனைவிக்குக் கொடுத்ததுன்னு. அதுலதான் எனக்கு விளக்கு எரிஞ்சுது. அவங்களே வழி சொல்லிட்டாங்க! மனைவிக்குக் கொடுத்ததுதானே தப்பு? மகளுக்கே கொடுத்துட்டா?

இதுதானுங்க பையில இருக்குது. ரெட்டைப்படை வரிசை ஆறும் மிதுனா பேருக்கு. தான செட்டில்மெண்ட்டு. திரும்ப வாங்க முடியாத மாதிரி, கெட்டியா எழுதச் சொல்லிட்டேன். இல்லீன்னா கோர்ட்டுல நாடகம்னு சொல்லுவாங்க. இப்ப என்னாச்சு? என் பேருல ஒரு மரம் கிடையாது. புள்ளைக்கு நூத்தி நாப்பத்தி நாலு மரம் இருக்குது. அப்பறம் யாரு யாருக்குக் கொடுக்கறது? ஞாயமாப் பார்த்தா அவதான் எனக்குக் கொடுக்கணும். அந்தளவுக்கு நான் கேக்க மாட்டேன். சொந்தப் புள்ளை.

என்னுங்க? அவ மைனர்தான். மேஜர் ஆகற வரைக்கும் யாரு பார்த்துப்பாங்களா? யாரு, அவ ஆத்தாதான். கார்டியனா அவதான் கையெழுத்துப் போடணும். காசு அவ கையிலதான்... ஆமா, அவ கையிலதான் போகும். போகட்டுமுங்க. அதையும் நான்தான் எண்ணிக் கொடுக்கப் போறேன். வெட்டு அன்னைக்குத் தோப்புல ஆள் வேண்டாமா? புள்ளை சொத்தை அப்பன் பார்க்காம யாரு பார்ப்பா? அதுக்கெல்லாம் இவங்க எனக்கு நோட்டீஸா விட முடியும்?

குப்புராஜ்கிட்டச் சொல்லலை. சொன்னா ஃபீஸு. வரதராசுதான் எழுதினான். எழுதறப்ப ரெண்டு தடவை, "அண்ணா, வீட்டுல யார்கிட்டயாவது கேட்டீங்களா?"ன்னான். யார்கிட்டக் கேக்கறது? வீட்டுல நான் மட்டும்தானே இருக்கேன்.

கலாமணிக்கு மட்டும் முந்தாநேத்து ஃபோன் போட்டேன். சண்டைக்கு வருவா, என்ன சூழ்ச்சின்னு கேப்பான்னு பதில் எல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். "என் ஆறு வரிசையையும் மிதுனா பேருக்கு எழுதறேன். கையெழுத்துப் போட வர்றியா?"ன்னேன்.

"எத்தனை மணிக்கு?"ன்னா.

பாருங்க. அவ்வளவுதான். அரண்டு போயிட்டா. அப்பறம் கேக்கறா, "ஆதார் கார்டு ஒரிஜினல் வேணுமா, ஜெராக்ஸ் போதுமா?" குரல்ல ஒரு நடுக்கம் தெரிஞ்சுது. சிரிப்பை அடக்கற மாதிரிகூட இருந்துச்சு. பயத்துல சில பேருக்கு அப்படி வரும்.

அப்பறம் ஃபோனை மகள் வாங்கினா. "அப்பா, நன்றிப்பா"ன்னா. நாலு வருஷத்துல அவ வாயில இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. ஸ்கூல் ஃபீஸு கட்டறப்பகூடக் கேட்டதில்லை. ஒரு நிமிசம் நான் எதுக்கு எழுதறேன்னே மறந்துட்டேன். "வேற என்ன வேணும் கண்ணு?"ன்னு கேட்டுட்டேன்.

கொஞ்சம் யோசிச்சா. பக்கத்துல ஆத்தா ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு, சரியாக் கேக்கலை.

"கிணத்து மோட்டார் யார் பேருலப்பா இருக்குது?"ன்னா.

சின்னப் புள்ளைங்க. மோட்டாருன்னா ஒரு ஆசை. மெக்கானிக் மகளுக்கு இல்லாத ஆசையா? பத்திரத்துல மூணாவது பக்கம், கடைசி வரி, அதையும் எழுதச் சொல்லிட்டேன். ஏழரை குதிரைத்திறன். பில்லு நம்பரோட.

பையைக் கொடுங்க. ஸ்டாப்பு வந்துருச்சு. அதோ பார்த்தீங்களா, பத்திர ஆபீஸு கேட்டுல, பச்சைச் சுடிதார் என் மகள். பக்கத்துல ஆத்தா. பத்து மணிக்குத்தான் வரச் சொன்னேன். இப்பவே வந்து நிக்கறாங்க. கையில தூக்குப்போசி வேற. புளிக்குழம்பாத்தான் இருக்கும்.

நான் சொன்னேனுங்களே. அரண்டு போயிட்டாங்க.